சூசைராஜுக்கு அளவெடுத்த சைக்கிள்

மனிதர்கள் எதற்கெதற்கோ போராடுகிறார்கள். சூசைராஜ் போராடியது காலை ஆறு முதல் ஏழு வரையிலான தூக்கத்துக்காக. ஆவூர்ப் பக்கத்து ஊரிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் புதுக்கோட்டைக்குப் போய், ஓர் அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்த்துகிற மனுஷன். நாற்பத்தெட்டு வயது. அந்த ஒரு மணி நேரத்தைத் தவிர அவருக்கென்று இந்த உலகத்தில் தனியாக எதுவும் கிடையாது.

அதிலும் மண் விழுந்தது. "உடம்பை அசைக்கணும்" என்றார் டாக்டர். அவர் வாயை மூடுவதற்குள் மனைவி ஜெயராணி ஒரு சைக்கிளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். குண்டு டயர், கியர், முன்னால் ஸ்பிரிங். மலையேறுகிற சைக்கிளாம். அந்த ஊரில் மேடு என்று சொல்ல இருப்பதே கண்மாய்க் கரை ஒன்றுதான். தினமும் ஆறு மணிக்கு அதில் ஏறி, கரையின் மறுபக்கம் கல்லும் கரடுமான சரிவில் இறங்கி, சுற்றி வீட்டுக்கு வர வேண்டும்.

பத்து நாள் ஓட்டினார். பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கினார். இதற்குமேல் முடியாது. ஆனால் மனைவியிடம் நேராக மாட்டேன் என்று சொல்ல, இருபத்திரண்டு வருடக் கல்யாண அனுபவம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே குற்றத்தைச் சைக்கிள் தலையில் கட்டுவது என்று முடிவெடுத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஜெயராணி கோயிலுக்குப் பாட்டுப் பயிற்சிக்குப் போனாள். சூசைராஜ் சைக்கிளோடு வந்த திருகு கழற்றும் ஆலன் கீயை எடுத்தார். ஹேண்டிலுக்கு அடியில் இருந்த வளையங்களைக் கழற்றி மேலே போட்டார். ஹேண்டில் நன்றாக இறங்கிக்கொண்டது. சீட்டைப் பின்னால் தள்ளினார். பிரேக் பிடிகளை ஆகாயத்தைப் பார்க்கத் திருப்பினார். ஏறி உட்கார்ந்தால், கீழே விழுந்த ஊசியைத் தேடுகிறவர் போல உடம்பு வளைந்தது. பரம திருப்தி.

மறுநாள் காலை முனகிக்கொண்டே வந்து இறங்கினார். முனகலில் பாதி நிஜம்.

"ஏங்க, என்ன ஆச்சு?"

"கழுத்து போச்சு. மணிக்கட்டு மரத்துப்போச்சு. எறக்கத்துல பிரேக்கு வெரலுக்கே எட்டல. என்னைக்காச்சும் ஒரு நாள் கண்மாய்க்குள்ளதான் போய் விழுவேன்."

"அடப்பாவமே."

"இது என் ஒடம்புக்குத் தச்சது இல்ல ஜெயராணி. விட்டுருவோம்."

வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருப்பவளிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் கழுத்தில் கிடந்த டேப்பை உருவினாள்.

"தச்சது சரியில்லன்னா பிரிச்சுத் தைக்கிறது. தூக்கியா எறியிறது? ஏறி ஒக்காருங்க."

சுவரில் சாய்த்த சைக்கிளில் ஏறினார். உடம்பை எப்படியாவது கோணலாக வைத்து அளவைக் கெடுத்துவிடலாம் என்று நினைத்தார். ஆனால் ஜெயராணி தொழில் தெரிந்தவள். டேப்பைக் கண்டதும் வயிற்றை எக்காத மனிதர் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். அதனால் பேச்சுக் கொடுத்துக்கொண்டேதான் அளவெடுப்பாள்.

"ஒங்க ஆபீசு ஆனந்தராஜுக்குப் புரமோஷனாமே?"

"அவனுக்கா? ஒரு லெட்டரு ஒழுங்கா எழுதத் தெரியாது அவனுக்கு."

"அப்புறம் எப்படிக் கெடச்சுச்சு?"

சூசைராஜ் கால் மணி நேரம் விளக்கினார். கோபத்தில் சைக்கிளையும் டேப்பையும் மறந்துபோனதில் தோள் தானாகத் தளர்ந்தது, முதுகு தன் இயல்புக்கு வந்தது. அதற்குள் தோள், கை, இடுப்பு எல்லாம் அவள் நோட்டில் ஏறிவிட்டன. வளையங்கள் மறுபடி அடியில் போயின. சீட்டு முன்னால் வந்தது. முழங்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே கோட்டில் வரும்படி பிரேக் பிடி கீழே சாய்ந்தது. அதன் குட்டித் திருகை முடுக்கி, ஒற்றை விரலுக்கு எட்டுகிற மாதிரியும் வைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலை அவருக்கு ஒரு பெரிய சங்கடம். எங்கேயும் வலிக்கவில்லை.

கரையில் ஏறினார். சரிவில் பெடல்மேல் எழுந்து நின்று, முழங்கையை விரித்து, பிரேக்கில் விரல் வைத்தார். கல் வந்தது, போனது. பள்ளம் வந்தது, போனது. அழுத்தினால் நின்றது, விட்டால் ஓடியது. சொன்ன பேச்சைக் கேட்கிற ஒன்று தன் வாழ்க்கையிலும் இருக்கிறதே என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. திரும்ப ஏறி இறங்கினார். மூன்றாவது தடவையும் இறங்கினார். இந்தச் சந்தோஷ முகத்தோடு வீட்டுக்குப் போனால் தூக்கம் நிரந்தரமாகப் போய்விடுமே என்ற பயம் தெருமுனையில்தான் வந்தது. அங்கேயே முகத்தைச் சுருக்கிக்கொண்டார்.

"இப்ப எப்படிங்க இருக்கு?"

"வலி கூடிப்போச்சு."

"மெய்யாவா?"

"மெய்யாத்தான்."

"அப்ப இனிமே ஏற மாட்டீங்க?"

"சாகுற வரைக்கும் ஏற மாட்டேன்."

"சரிங்க, விட்டுருங்க. ஒங்களவிடச் சைக்கிளா பெருசு?"

சூசைராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்டவளையா ஏமாற்றினோம் என்று வருத்தப்பட்டுக்கொண்டே அன்று சீக்கிரம் படுத்தார்.

விடிந்தும் விடியாமல் யாரோ தோளைத் தட்டினார்கள். ஜெயராணி. உடம்பில் புதுச் சுடிதார், முழங்காலில் இரட்டைத் துணி, இடுப்பில் இறுக்கிக் கட்டிய துப்பட்டா.

"எங்கிட்டு கெளம்பிட்ட?"

"கண்மாய்க்கு. நாம ரெண்டு பேரும் ஒரே ஒசரம்தானே, ஒங்க அளவு எனக்கும் அச்சா இருக்கு. பாலைக் காச்சிட்டு, சட்னிக்குத் தேங்காயத் துருவி வைங்க."

அவர் சுடிதாரைப் பார்த்தார். "இது எப்ப தச்ச?"

"சைக்கிள் வந்த அன்னைக்கே."

"ஒனக்குத்தான் வேணும்னா மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லி வாங்குனா பொம்பளைக்கு எதுக்குக் கியரு சைக்கிளுன்னு ஊரே கேக்கும். இப்ப நீங்க வேணாம்னு விட்டதுதானே. வீணாப் போகக் கூடாதுல்ல."

அந்தச் சரிவு அவர் கண்ணுக்குள் வந்து நின்றது. "எனக்கு இப்ப வலி கொஞ்சம் தேவலை மாதிரி இருக்கு" என்றார் மெதுவாக.

"சாகுற வரைக்கும் ஏற மாட்டேன்னு சொன்னவுகள நான் கட்டாயப்படுத்த மாட்டேங்க" என்றபடி அவள் போய்விட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து, வேர்த்து விறுவிறுத்து, முகமெல்லாம் சிரிப்பாக வந்து இறங்கினாள். சூசைராஜ் அரைமூடித் தேங்காயோடு மல்லாடிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஒரு மணி நேரம் பத்தல. நாளையிலருந்து அஞ்சு மணிக்கே எந்திரிச்சு அடுப்பப் பத்த வச்சிருங்க."