வாப்பாவின் கைக்கடிகாரம் வாசிக்கும் சிம்சிமியா

அன்பு மகன் இஹாபுக்கு,

போர்ட் சயீதிலிருந்து உன் உம்மா இன்ஷிராஹ் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கருணையால் நானும் உன் வாப்பாவும் சுகம். என் மூட்டுவலி எங்களைவிடச் சுகமாக இருக்கிறது. கனடாக் குளிரில் நீயும் மருமகளும் நலமாயிருக்க துஆ செய்கிறேன்.

நீ அனுப்பிய கைக்கடிகாரத்துக்கு நன்றி சொல்லவே இந்தக் கடிதம். மாதக் கடைசியில் வந்து, வாப்பாவைக் கெய்ரோவில் மறதிக்காரர்களுக்கான இல்லத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதாகச் சொன்னாயே, விமானம் ஏறுமுன் இதை முழுதாகப் படித்துவிடு.

பிற்பகல் தொழுகைக்கான அஸர் நேரம் ஆனால் அவருக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருஷம் சூயஸ் கால்வாயில் கப்பல்களைக் கயிறு போட்டுக் கட்டியவர், "கப்பல் வந்துடுச்சு, கயிறு எங்கடி?" என்று கத்திக்கொண்டு பால்கனிக்கு ஓடித் துணிக்கொடியை அவிழ்ப்பார், நான் பிடித்து இழுப்பேன், அவர் என்னைத் தள்ளுவார், அதற்குள் துணியெல்லாம் தெருவில் கிழங்கு வண்டிக்காரனின் புகைக்குழாய்மேல் விழுந்து கருகும், அவன் கீழேயிருந்து, "ஹாஜி, நான் கிழங்கு சுட வந்தவன், உங்க பனியனைச் சுட வரல!" என்பான். இதில் நான் எத்தனை தடவை அழுதேன் என்று உனக்கு எழுதியதில்லை.

கடிகாரம் வந்தது. நாடி படபடத்தால் தானே பாட்டுப் போடும் என்றாய். முதலில் மழைச் சத்தம் வைத்திருந்தாய். "மழை! மழை! துணிய எடுடி!" என்று மறுபடியும் கொடிக்கு ஓடினார். இந்த முறை நியாயம் அவர் பக்கம் இருந்ததால் நானும் ஓடினேன். பிறகு பியானோ மாற்றினாய். "யாரு மவுத்து?" என்று கேட்டு, கோட்டு மாட்டிக்கொண்டு ஜனாஸா தூக்கக் கிளம்பிவிட்டார்.

கடைசியில் கீழ்வீட்டு ஜக்லூல்தான் கைகொடுத்தார். நம் துறைமுகத்துக்காரர்களின் தந்தி வாத்தியமான சிம்சிமியாவை மீட்டி, இருமலோடு சேர்த்துப் பதிவு செய்து கொடுத்தார்; நீ அதைக் கடிகாரத்தில் ஏற்றினாய். மகனே, அந்தத் தந்தி ஒலித்ததும் உன் வாப்பா கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டுகிறார், தோளைக் குலுக்குகிறார். நாலு மாதமாக என்னை "ஏம்மா" என்றே அழைத்தவர், நேற்று என் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "ஏண்டி இன்ஷிராஹ், இத்தனை நாளா எங்கடி போயிருந்த?" என்றார். நான்தான் போயிருந்தேனாம்! அழுதேன். சந்தோஷமாக அழுதேன்.

கடிகாரத்திலிருந்து உன் போனுக்கு வரும் வரைபடத்தில் துடிப்பு நாலு வாரமாக இறங்கி வருகிறது என்று நீயும் டாக்டரும் வியந்தீர்கள் அல்லவா? அதனால் கெய்ரோப் பேச்சை விட்டுவிடு.

உன் கைக்கு பரக்கத்தும் உன் வீட்டுக்கு அமைதியும் அல்லாஹ் தரட்டும். மருமகளுக்கு என் முத்தம்.

உன் உம்மா,
இன்ஷிராஹ்

பி.கு.: மனசு கேட்கவில்லை, சொல்லிவிடுகிறேன். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும்போதெல்லாம் அவர் கடிகாரத்தைக் கழற்றுவார். தொழுததை மறந்துவிட்டு ஒரே அஸருக்கு ஏழு தடவை ஒளு செய்வார். ஒருநாள் அதைச் சோப்புப் பெட்டியிலும் மறுநாள் மீன் சட்டியிலும் கண்டெடுத்தேன். தொலைந்துவிடக் கூடாதே என்று என் கையில் கட்டிக்கொண்டேன். அது நடந்தும் நாலு வாரம் ஆகிறது. நீங்கள் இருவரும் வியந்த துடிப்பு என்னுடையது. அவர் பால்கனிக்கு ஓடினால் எனக்குத்தான் படபடக்கிறது, எனக்குத்தான் சிம்சிமியா வாசிக்கிறது. நான் கத்துவதை நிறுத்துகிறேன், அவரும் நிறுத்துகிறார். இந்த வரைபடத்தை நம்பி யாரையாவது இல்லத்தில் சேர்த்தே தீருவதென்றால் என்னைத்தான் சேர்க்க வேண்டும். ஆனால் அவரை விட்டுவிட்டு நான் எங்கும் வருவதாக இல்லை.