களப்பலியில் ஒரு சந்தேகம்

அரவானைப் பலி கொடுக்க முடியாமல் பாரதம் மூன்று நாளாக நின்றுகொண்டிருந்தது.

ஓசூருக்கு வெளியே, கம்பெனி பஸ்கள் திரும்பும் முக்கில் உள்ள தர்மராஜா கோயிலில் பதினெட்டு நாள் பாரதம். தினமும் மூன்று மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடிய வேண்டும். சொல்பவர் நாகரசம்பட்டி கிருஷ்ணப்பன். பத்தொன்பது வருஷமாகச் சொல்கிறவர். பாஞ்சாலி சபையில் கதறுவதை அவர் சொன்னால், கேட்கிற பெண்கள் விடும் கண்ணீரில் பந்தல்கால் நட்ட குழிகள் நிரம்பிவிடும் என்பார்கள். முக்கால் குழி நிச்சயம்.

ஞாயிற்றுக்கிழமை துரியோதனன் படுகளம், சாயந்திரம் தீமிதி. நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. அரவானைக் களப்பலி கொடுத்தால்தான் போர் தொடங்கும். போர் தொடங்கினால்தான் துரியோதனன் சாவான். ஆனால் மண்ணில் துரியோதனன் செய்கிறவர்களுக்குக் கம்பெனியில் அந்த வாரம் முன்பாதிதான் லீவு கிடைத்தது. முப்பதடி நீளத்துக்கு அவனைச் செய்து, மைதானத்தில் படுக்கவும் வைத்துவிட்டார்கள். கதையில் இன்னும் சங்கே ஊதவில்லை; வெளியில் துரியோதனன் மீசையோடு மல்லாந்து கிடந்தான். வெயிலில் மூக்கு விரிசல் விட்டுவிட்டது.

எல்லாவற்றுக்கும் காரணம் மாரிசாமி.

முதல் நாளே ஆரம்பித்துவிட்டார். கங்கை தன் ஏழு குழந்தைகளை ஆற்றில் விட்ட இடம். கடைசி வரிசையில், வெளிறிய நீலக் கம்பெனிச் சட்டைக்குள்ளிருந்து ஒரு கை எழுந்தது.

"அய்யா, ஒரு சந்தேகம். தெய்வம்னா பெத்த பிள்ளைய ஆத்துல போடலாமா?"

குரல் ரொம்ப நாளாகத் திறக்காத இரும்பு கேட் போலக் கிறீச்சிட்டது. பந்தலே சிரித்தது.

"அது சாபமுங்க. அந்தக் குழந்தைங்களுக்கு அதான் விடுதலை," என்றார் கிருஷ்ணப்பன்.

"அது அவளுக்குத் தெரியும். அப்பனுக்கு யாரு சொன்னா?"

மாரிசாமி புது லேஅவுட்டுக்குக் குடிவந்தவர். சாத்தூர்ப் பக்கத்து ஆள். உதிரிபாகக் கம்பெனியில் பீஸைத் திருப்பிப் பார்த்து, நல்லதுக்குப் பச்சை ஸ்டிக்கர், கெட்டதுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. அவரைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"எங்க கம்பெனில ஒரு பீஸ் ஒடஞ்சா அஞ்சு தடவ ஏன்னு கேக்கணும்யா. அஞ்சாவது ஏன்லதான் நெசமான காரணம் கெடைக்கும்," என்று விளக்கமும் சொன்னார்.

கிருஷ்ணப்பனுக்கோ ஒரு விரதம். சபையில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் கதையை நகர்த்த மாட்டார்.

மறுநாள் கர்ணன் பிறந்தான்.

"சூரியன் தெனமும் மேலதான வாரான்? மகன் தேரோட்டி வீட்ல வளர்றதப் பாத்துக்கிட்டேதான போறான்? ஒரு நாளாச்சும் ஏன்யா நிக்கல?"

கிருஷ்ணப்பன் பந்தல் ஓட்டை வழியாகச் சூரியனைப் பார்த்தார். சூரியனும் ஒன்றும் சொல்லாமல் மேற்கே போய்விட்டான்.

விழாக் கமிட்டித் தலைவர் ஆஞ்சப்பன் ஒரு யோசனை சொன்னார்: "மரியாதை பண்ணிட்டா எப்பேர்ப்பட்ட ஆளும் அடங்கிருவாங்க, பிரசங்கியாரே."

மாரிசாமிக்குச் சால்வை போர்த்தி, முன்வரிசையில் தனி நாற்காலி போட்டார்கள். முன்வரிசைக்குப் பக்கத்தில் மைக் இருந்ததை யாரும் யோசிக்கவில்லை. அன்றிலிருந்து அவர் சந்தேகம் நான்கு குழாய் ஸ்பீக்கரிலும் போயிற்று. ஜவளகிரிக் காட்டு யானைகளே காதாட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டதாகப் பேச்சு.

"கேள்வியெல்லாம் எழுதிப் பெட்டியில போடட்டும்," என்றார் ஆஞ்சப்பன் அடுத்து. கம்பெனிகளில் வைப்பார்களே, அதே மாதிரிப் பெட்டி. மறுநாள் அதில் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று இருநூற்றுப் பதினாலு சீட்டு. 'பன்னிரண்டு வருஷ வனவாசம் சர்வீஸில் சேருமா?' 'நாலாவது கிராஸில் தெருவிளக்கு எப்போது எரியும்?' எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் பாண்டவர்கள் காட்டிலேயே கிழவர்களாகிவிடுவார்கள் போலிருந்தது.

கடைசியில் அவர் வாயை அடைக்கச் சமையல்கட்டுக்கு ஆள் போயிற்று. களப்பலிக் கதை ஆரம்பிக்கிற நேரம் பார்த்து மாரிசாமி கையில் தேங்காய் அளவுக்கு ராகிக் களி உருண்டை. இந்தப் பக்கத்தில் களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்குவார்கள். தெற்கத்தி மாரிசாமி மென்றார். ஒன்றரை மணி நேரம் மென்றார். களியோடு அரவானையும் சேர்த்து மென்றிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

"அய்யா, ஒரு சந்தேகம். பலிக்கான லட்சணம் மூணு பேருக்கு இருந்துச்சு. கிருஷ்ணன், அர்ச்சுனன், அவன் மகன் அரவான். சரியா?"

"சரிங்க."

"சாமி ஏன் போகல?"

"சாமியே போயிட்டா ஒலகத்த யாருங்க நடத்தறது?"

"சரி. அப்பன் ஏன் போகல?"

கிருஷ்ணப்பன் தண்ணீர் குடித்தார்.

"சின்னவன எடுத்துக்கிடுற அதிகாரத்த அந்தச் சாமிக்கு யாருய்யா குடுத்தா?"

இந்தத் தடவை பந்தலில் யாரும் சிரிக்கவில்லை.

திங்கள், செவ்வாய், புதன். தர்மம் என்றார் கிருஷ்ணப்பன். கர்மம் என்றார். லீலை என்றார். மாரிசாமி ஒவ்வொன்றையும் மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பாவம்போலத் தலையாட்டிச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார்.

புதன் மத்தியானம் கிருஷ்ணப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. கோயிலுக்குள் போய், அங்கே மரத்தில் செய்து வைத்திருந்த அரவான் தலையை நிமிர்ந்து பார்த்தார். பத்தொன்பது வருஷமாகக் கதையின் இந்த இடத்தில் ஊரை அழவைத்திருக்கிறார். அந்த முகத்துக்கு மீசை இப்போதுதான் அரும்பியிருக்கிறது என்பதை ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை. கண் கலங்கியது. பத்தொன்பது வருஷமாக நம்பிய சாமியை ஓர் ஆள் கலங்கடித்துவிட்டானே என்று கோபமும் வந்தது.

வியாழக்கிழமை ஆஞ்சப்பன் தீர்த்துச் சொல்லிவிட்டார்: "இன்னைக்குப் போர் தொடங்கலேன்னா நாளைக்குத் தர்மபுரிக்காரர் வந்து சொல்லுவாரு. அடுத்த வருஷமும் அவருதான்."

கிருஷ்ணப்பன் மேடை ஏறினார். மாரிசாமி எழுந்தார். "அய்யா, ஒரு…"

"நீங்க பிள்ளையப் பெத்து வளத்தவருங்களா?"

மாரிசாமி மைக்கைப் பிடித்தபடி நின்றார். "வளத்தேன்யா."

"அப்ப வீட்டுக்குப் போயி உங்க பிள்ளை மூஞ்சியப் பாத்துட்டு வந்து கேளுங்க! பெத்ததத் தூக்கிக் குடுத்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும். ஸ்டிக்கர் ஒட்டறவனுக்கு என்னங்க தெரியும்?"

கைதட்டலில் பந்தல் ஓலை பறந்தது. விசில் பெங்களூர் வரை கேட்டிருக்கும். மாரிசாமி சால்வையை எடுத்து நான்காக மடித்தார். நாற்காலியில் வைத்தார். போய்விட்டார்.

மூன்று இருபதுக்கு அரவான் தலை விழுந்தது. பிறகு கதைக்குத் தடையேது? பதினெட்டு நாள் போரைக் கிருஷ்ணப்பன் மூன்றே நாளில் முடித்தார். பீஷ்மர் அம்புப் படுக்கையில் சரியாகச் சாய்வதற்குள் துரோணர் விழுந்தார். துரோணரைத் தூக்குவதற்குள் கர்ணன். ஞாயிற்றுக்கிழமை, விரிசல் விட்ட துரியோதனன் தொடையில் பீமன் ஓங்கி அடித்தான். தீமிதியில் ஒருவர் காலிலும் கொப்புளம் இல்லை.

"இப்பிடி ஒரு பாரதம் நடந்ததே இல்ல," என்று ஆஞ்சப்பன் அடுத்த வருஷத்துக்கும் வெற்றிலை பாக்கு வைத்துவிட்டார்.

ஆனால் மூச்சு வாங்க நிறுத்திய இடத்திலெல்லாம் கிருஷ்ணப்பனின் கண் அந்தக் காலி நாற்காலிக்குப் போயிற்று. யாரும் எதையும் கேட்கவில்லை. சொன்னதையெல்லாம் நம்பினார்கள். அவருக்குத்தான் என்னவோபோல் இருந்தது.

திங்கட்கிழமை காலை, பையும் கையுமாகக் கிருஷ்ணகிரி பஸ்ஸுக்கு நின்றவரிடம் மெலிந்த பெண் ஒருத்தி வந்து கும்பிட்டாள்.

"மாரிசாமி வீட்டுக்காரி சாமி, காளியம்மா."

சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று கிருஷ்ணப்பன் நினைத்தார். "அவரு எம்மேல கோவமா இருக்காருங்களாம்மா?"

"கோவப்பட்டாலும் தேவலையே சாமி. மகன் ரோட்டுல அடிபட்டுச் செத்ததுலருந்து ஏழு மாசமா வாயே தெறக்காத மனுசன், ஒங்க கதைக்கு வந்துதான் பேச ஆரம்பிச்சாரு. இப்ப மறுபடி வாய மூடிக்கிட்டாரு. வியாழக்கெழம நீங்க ஏதோ பதில் சொன்னீகளாமே, அத மட்டும் திருப்பி வாங்கிக்கிட முடியுமா?"