அகப்பைக் கியர்

எங்கள் வீட்டில் நான் வாங்கிய பொருள் எதையும் நான் அனுபவித்ததாகச் சரித்திரம் இல்லை. றேடியோ வாங்கினேன், திருகுவது என் மனைவி மலர். சைக்கிள் வாங்கினேன், ஓடித் திரிவது மலர். நான் கந்தோருக்கு, வேலைக்கு, நடந்து போகிறேன். ஆகவே கார் வாங்குவதென்று முடிவெடுத்த அன்றே இன்னொரு முடிவும் எடுத்தேன். இந்த வசந்தமலரால் ஓட்டவே முடியாத காராகப் பார்த்து வாங்க வேண்டும்.

அப்படியொன்று பழைய கார் வாங்கி விற்கும் அப்துல் ஹமீட் நானாவிடம் இருந்தது. பழைய இங்கிலீஷ் கார். கியர்த்தடி தரையில் இல்லை. ஸ்ரியறிங்குக்குக் கீழே, இடப்பக்கமாக, பூனை வால் போல் நீட்டிக்கொண்டிருந்தது.

"பழகாத ஆள் தொடேலாது, கிளாக்கர்," என்றார் நானா. "அவசரப்பட்டு மாத்தினா இறுகிப்போகும். பிறகு எஞ்சின் மூடியைத் திறந்து, கீழ இருக்கிற கம்பியைக் கையால ஆட்டித்தான் எடுக்கவேணும்."

வேறு யாராவது என்றால் இதைக் கேட்டு ஓடியிருப்பார்கள். நான் அந்த இடத்திலேயே விலை பேசினேன்.

மலர் காருக்குள் எட்டிப் பார்த்தாள். முன்னுக்குத் தனித்தனி சீற் இல்லை, பெஞ்சு மாதிரி ஒரே நீட்டு வாங்கு.

"நடுவில ஒண்டையும் காணேல்லையே?"

"அதுதான் வசதி. இந்தக் கதவால ஏறி, அரக்கி அரக்கி அந்தக் கதவால இறங்கலாம்."

"எனக்கும் பழக்குவீங்களோ?"

"இது கரைச்சல் பிடிச்ச கியர், மலர். ஆம்பிளையளுக்கே கை வராது."

"ஓம், பாக்கத் தெரியுது," என்றாள்.

உண்மையில் எனக்கும் கை வரவில்லை. நான் லைசென்ஸ் எடுத்தது தரையில் கியர் உள்ள காரில். ஆகவே பின்னேரங்களில் குசினி வாசலில் ஒரு கதிரையைப் போட்டு, அதன் கையில் அகப்பையைக் கட்டி, சுளகை ஸ்ரியறிங்காகப் பிடித்துக்கொண்டு பழகினேன். சத்தமாகச் சொன்னால்தான் எனக்கு மனதில் நிற்கும்.

"என்ர பக்கம் இழுத்து மேல, ஒண்டு. கீழ, ரெண்டு. விட்டுப்போட்டு மேல, மூண்டு. இறுகினா மூடியைத் திற, கம்பியை ஆட்டு."

"கிளச்சை மிதிக்கேல்ல நீங்கள்," என்று உள்ளிருந்து குரல் வரும்.

"பகிடி விடாதை."

"அகப்பையைத் தாங்கோ, சொதி பொங்குது."

வெயில் பட்டால் நிறம் மங்கும் என்று காரைக் கொட்டிலில் விட்டுவிட்டு, வழக்கம்போல் கந்தோருக்கு நடந்தேன். சாவியைச் சாமி மேசையில் அந்தோனியார் சுருவத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். பெற்றோல் மட்டும் கண்டபடி முடிந்தது. பழைய கார் குடிக்கும்தானே என்று இருந்தேன். உள்ளே மூக்கைத் துளைக்கும் ஒரு மீன் வெடில். முந்தி வைத்திருந்தவர் மீன் வியாபாரியாக்கும் என்று நினைத்தேன். வீட்டிலும் அந்த நாட்களில் அன்றன்று பிடித்த நல்ல உடன் மீன். கேட்டால், மீன்காரன் இப்போது ஒழுங்காக வருகிறானாம்.

வங்காலைக் கோயில் பெருநாள் வந்தது. மலரின் தாய்வீடு அந்த மீன்பிடி ஊரில்தான். கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்த வீட்டு வாசல் படலையில் நான் பஸ்ஸால் இறங்கி, புழுதியோடும் பையோடும்தான் போய் நின்றிருக்கிறேன். "பஸ்ஸிலயோ வந்தனீங்கள், மருமகன்?" என்று மாமி கேட்பார். அந்தக் கேள்வி என்னைச் சுடும். ஒரேயொரு தரம், ஸ்ரியறிங் பக்கக் கதவைத் திறந்து மாமிக்கு முன்னால் இறங்கவேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

மன்னார்ப் பாலம் ஏறும் இடத்தில் நடுறோட்டில் ஒரு கழுதை. பிறேக் அடித்தேன். அவசரத்தில் கியரை இழுத்தேன். இறுகிவிட்டது. பின்னால் பஸ்காரன் ஹோன் அடித்தான். கழுதை போய்விட்டது, நாங்கள் நின்றோம்.

"இறங்கி மூடியைத் திறந்து கம்பியை ஆட்டுங்கோ," என்றாள் மலர் அமைதியாக. "நான் இதில இருந்து கிளச்சை மிதிக்கிறன்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நீங்கள்தானே நெடுகச் சொல்லிக்கொண்டிருந்தனீங்கள்."

நான் இறங்கினேன். அவள் வாங்கிலே அரக்கி என் இடத்துக்கு வந்தாள். நடுவில்தான் ஒன்றும் இல்லையே. கம்பியை ஆட்டினேன். கியர் விழுந்தது. கார் சீராக உறுமியது.

"ஏறுங்கோ. மற்றப் பக்கத்தால."

சொன்னால் வெட்கம், அந்தப் பாலத்துக் காற்றிலும் கார் ஆடாமல் போனது. ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் வெண்ணெயாக விழுந்தன. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வங்காலை கிட்ட வந்ததும் பெருமை போய்ப் பயம் வந்தது.

"மலர், இனி மாறுவம். மாமி பாக்கட்டும்."

"கையைப் பாருங்கோ, முழுக்கக் கிறீஸ். ஸ்ரியறிங்கில தொட்டிடாதேங்கோ."

படலையடியில் கார் நின்றது. மாமி வெளியே வந்தார். காரைக் கண்டு அவர் ஆச்சரியப்படவில்லை. மகள் ஓட்டி வந்ததைக் கண்டும் ஆச்சரியப்படவில்லை. என்னைக் கண்டுதான் திகைத்து நின்றார்.

"இண்டைக்கு மருமகனையும் ஏத்திக்கொண்டோ வந்தனி, பிள்ளை?" என்றார். "அப்ப மீன்கூடையை எங்க வைக்கிறது?"