பக்கத்து சீட்டுக்கு ஒரு ஹெல்மெட்

இரண்டாவது சுற்றிலேயே கறுப்புக் கொடி காட்டிவிட்டார்கள்.

அது தனக்குத்தான் என்று கண்ணாடிக்கடைக்காரருக்கு முதலில் உறைக்கவில்லை. கறுப்புக் கொடி காட்டினால் உடனே தடத்தை விட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்று காலையில் நடந்த வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதெல்லாம் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறவர்களுக்கு என்று அவர் நினைத்திருந்தார். அவர் போன வேகத்துக்கு, ஒரு வண்டு முன்கண்ணாடியில் வந்து உட்கார்ந்து, சாவகாசமாக மீசையைத் தடவிவிட்டுப் பறந்து போயிருந்தது.

ரேஸ் டிராக்குக்கு அவர் வருவது இதுதான் முதல் தடவை. சொந்தக் காரைக் கொண்டுவந்து நாள் முழுக்க ஓட்டிப் பழகலாம், புதியவர்களுக்குத் தனிப் பிரிவு, இருபது நிமிஷ ஓட்டம், நடுநடுவே ஓய்வு என்று அறிவித்திருந்தார்கள். மனைவியிடம் கடையில் ஃபிரேம்களை அடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தார்.

பதினெட்டு வருஷமாக அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தால் பக்கத்து சீட்டில் அவள் இருப்பாள். "பாத்து." "மெதுவா." "அவன் வரான்." "அவன் வரல, ஆனா வருவான்." ஒரே ஒரு நாள், அந்த சீட் காலியாக இருக்க, ஒரு கார் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

காரை ஓரம் கட்டியதும் தலைமைக் கொடிக்காரர் வந்து ஜன்னலில் குனிந்தார். வெயிலில் காய்ந்து கறுத்த மனிதர். கையில் வாக்கிடாக்கி.

"நீங்க ஹெல்மெட் போட்டிருக்கீங்க. மேடத்துக்கு எங்க?"

"எந்த மேடம்?"

கொடிக்காரர் பக்கத்து சீட்டைப் பார்த்தார். கடைக்காரரைப் பார்த்தார். மறுபடியும் சீட்டைப் பார்த்து, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்றார்.

கடைக்காரரும் திரும்பிப் பார்த்தார். சாம்பல் நிற உறை. அதன் மேல் ஒரு துண்டு வெயில்.

"யாருமே இல்லையே."

கொடிக்காரர் குரலைத் தணித்துக்கொண்டார். "சார், வீட்டுக்குள்ள ஆயிரம் இருக்கும். அதுக்காக நாலு பேர் பாக்கற இடத்துல, பக்கத்துல உக்காந்திருக்கறவங்களை ஆளே இல்லன்னு சொல்லலாமா?"

"நீங்க பாக்கறீங்களா அவங்களை?"

"மூணு வளைவுல நிக்கற என் ஆளுங்க எல்லாரும் பாத்துட்டுத்தானே சொன்னாங்க."

"எப்படி இருக்காங்க? கொஞ்சம் சொல்லுங்க."

"இதை என்கிட்ட கேக்கறீங்களே." கொடிக்காரர் சங்கடத்தோடு உள்ளே எட்டிப் பார்த்தார். "நாப்பது நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். ஒரு கையால மேல இருக்கற கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையை டேஷ்போர்டுல ஊனிக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. வலது காலால இல்லாத பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்காங்க."

பதினெட்டு வருஷமாகத் தினமும் ஓரக்கண்ணால் கடைக்காரர் பார்த்துவருகிற காட்சி அது.

வீட்டில் இருக்கிறவள் இங்கே எப்படி உட்கார்ந்திருப்பாள்? இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் வேறெங்கோ தென்படுகிறவர்களைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருந்த கதைகள் ஒன்றும் நல்ல கதைகள் அல்ல. உடனே வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும் என்று சட்டைப் பையைத் தடவினார். போனைக் காலையிலேயே வாங்கிப் பூட்டிவிட்டார்கள். பகல் இடைவேளையில்தான் தருவார்களாம்.

"முதல்ல ஹெல்மெட் வாங்கிட்டு வாங்க," என்றார் கொடிக்காரர். "உங்களுக்குப் பின்னாடி வண்டிங்க நிக்குது."

ஹெல்மெட் கொடுக்கும் ஜன்னலில் இருந்த அம்மாள் எதுவும் கேட்கவில்லை. தலை அளவைக்கூடக் கேட்கவில்லை. கீழ்த்தட்டிலிருந்து ஒரு சிவப்பு ஹெல்மெட்டை எடுத்து, உள்ளே ஒரு துடை துடைத்து நீட்டினார்.

அதைக் கொண்டுபோய் சீட்டில் வைத்துவிட்டு மறுபடி தடத்தில் இறங்கினார் கடைக்காரர். ஐம்பது அடிகூடப் போகவில்லை, டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. டிங், டிங், டிங். பக்கத்து சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லை.

ஹெல்மெட்டின் கனத்தால் இருக்கும் என்று நினைத்து அதை எடுத்துப் பின்சீட்டில் போட்டார். டிங், டிங், டிங்.

அடுத்த வளைவில் மறுபடியும் கறுப்புக் கொடி.

"ஹெல்மெட்டைப் பிடுங்கிப் பின்னாடி எறியறீங்களாமே," என்றார் கொடிக்காரர். இப்போது அவர் குரலில் பழைய மரியாதை இல்லை. "பெல்ட்டும் போடல."

"நான் என்ன பண்ணணும்?"

"அன்பா ஒரு வார்த்தை சொல்லணும்."

கடைக்காரர் காலி சீட்டைப் பார்த்து, "பெல்ட் போட்டுக்க" என்றார்.

"இதுவா அன்பு?"

"பெல்ட் போட்டுக்கம்மா."

ஒன்றும் நடக்கவில்லை. கொடிக்காரர் பெருமூச்சு விட்டு, சுற்றிவந்து கதவைத் திறந்து, சிவப்பு ஹெல்மெட்டை எடுத்துச் சீட்டின் மேல் பக்குவமாக நீட்டினார். பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டு, "சௌகரியமா இருக்காம்மா?" என்று கேட்டார். தலையை ஆட்டிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

டிங் நின்றது.

கடைக்காரர் கண்ணுக்கு ஹெல்மெட் சீட்டில் சும்மாதான் கிடந்தது. பெல்ட்தான் சரியில்லை. அது சீட்டோடு படியவில்லை. தோளிலிருந்து இடுப்புவரை ஓர் ஆளின் பருமன் இடம் விட்டு, காற்றில் நின்றது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தபோது அது மெல்ல முன்னே வந்தது. மெல்லப் பின்னே போனது. மூச்சு விடுகிற மாதிரி.

அதற்கப்புறம் அவர் ஓட்டியதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. தடத்தின் ஓரமாக ஊர்ந்தார். எல்லா வண்டிகளும் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயின. தாண்டிப் போனவர்களில் சிலர் பக்கத்து சீட்டுக்குக் கையசைத்தார்கள்.

இரண்டாவது ஓட்டத்துக்கு, இப்படி ஊர்ந்தால் மற்றவர்களுக்கு ஆபத்து என்று சொல்லி ஒரு பயிற்சியாளரைத் துணைக்கு அனுப்பினார்கள். வாட்டசாட்டமான இளைஞர். பக்கத்துக் கதவைத் திறந்தவர், "ஓ, மேடம் இருக்காங்களா? பரவால்லம்மா, இருங்க" என்று சொல்லிவிட்டு, ஆறடி உயரத்தை மூன்றாக மடித்துப் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

கடைக்காரருக்கு அழுகை வரும்போல் இருந்தது.

"சார், நீங்க பானெட்டுக்கு முன்னாடி பத்தடியைத்தான் பாத்து ஓட்டறீங்க," என்றார் பயிற்சியாளர். "கண்ணு எங்க போகுதோ, காரும் அங்கதான் போகும். வளைவுக்கு வந்துட்டு வளைவைப் பாக்கக் கூடாது. வர்றதுக்கு முன்னாடியே அது முடியற இடத்தைப் பாக்கணும். நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"கண்ணாடிக்கடை. கண் பரிசோதனை."

பயிற்சியாளர் கண்ணைத் தடத்துக்குத் திருப்பிக்கொண்டார்.

"இப்ப நேரா இருக்கும்போதே பிரேக்கை அழுத்துங்க. திருப்பிக்கிட்டே மிதிக்காதீங்க. விடுங்க. இப்பத் திருப்புங்க. இல்ல, இல்ல, சீக்கிரம் திருப்பிட்டீங்க. மேடம் கை காட்டறாங்க பாருங்க, அந்த இடத்துல திருப்பணும்."

"எந்த இடத்துல?"

"மேடம் காட்டற இடத்துல சார்."

"எங்க காட்டறா?"

பயிற்சியாளர் முன்னால் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். "ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லையா?"

"அப்படி ஒண்ணுமில்ல."

"அப்ப திரும்பிப் பாத்தா என்ன? மேடம் எல்லாத்தையும் சரியாத்தான் சொல்றாங்க. நான் சொல்றதுக்கு ஒரு விநாடி முந்தியே சொல்லிடறாங்க. நீங்கதான் காதுலயே போட்டுக்க மாட்டேங்கறீங்க."

அடுத்த வளைவு நெருங்கியபோது கடைக்காரர் ஓரக்கண்ணால் பார்த்தார். கையெல்லாம் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் காற்றில் நின்ற பெல்ட் சடக்கென்று விறைத்தது. வளைவுக்கு இவ்வளவு முன்னாலேயா என்று நினைத்துக்கொண்டே அவர் பிரேக்கை அழுத்தினார். பெல்ட் தளர்ந்தது. அவர் பிரேக்கை விட்டுத் திருப்பினார். கார் கோடு போட்ட மாதிரி உள்விளிம்பைத் தொட்டுக்கொண்டு வெளியே வந்தது.

"அதான்," என்றார் பயிற்சியாளர். "கேட்டா என்ன குறைஞ்சு போச்சு?"

ஓட்டம் முடிந்து இறங்கியபோதுதான் அவர் பக்கத்து ஜன்னலைப் பார்த்தார். கண்ணாடியில், உள்பக்கம், ஒரு முகத்தின் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஆவி படிந்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கி மறைந்தது.

பகல் இடைவேளையில் போனை வாங்கியதும் வீட்டுக்குக் கூப்பிட்டார். ஏழாவது தடவை மணி அடித்த பிறகு மனைவி எடுத்தாள்.

"என்னங்க?"

அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் அவர் அங்கே கிடந்த டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். "எங்க இருக்கே?"

"வீட்டுலதான். வேற எங்க இருப்பேன்?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"என்ன புதுசா விசாரணை? காலையிலேர்ந்து தலைதான் சுத்துது. அப்பப்ப வர்றதுதான், இன்னிக்கு ஜாஸ்தி. யாரோ உக்கார வெச்சு வட்டமா ஓட்டற மாதிரி இருக்கு."

"எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?"

"டிவி பாக்கலாம்னு உக்காந்தேன். பத்து மணி இருக்கும்."

முதல் ஓட்டம் பத்து மணிக்கு. கடைக்காரர் கண்களை மூடிக்கொண்டார். இவள் வீட்டில் நாற்காலியில் இருக்கிறாள். ஆனால் அவர்மேல் இருக்கும் கவலை மட்டும் எழுந்து, வண்டி பிடிக்காமல், இத்தனை தூரம் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. இவளிடமா பொய் சொன்னோம் என்று நினைத்தார்.

"நான் கடையில இல்ல," என்றார். "ரேஸ் டிராக்ல இருக்கேன்."

"எதுல?"

எல்லாவற்றையும் சொன்னார். சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடையின் பின்னறையில் ஸ்டியரிங் வைத்த வீடியோ கேம் ஆடியதைச் சொன்னார். அவள் அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தபோது கார் ரிப்பேர் என்று சொன்னது, உண்மையில் அவர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றப் பிடிக்காததால்தான் என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, அதையும் சொன்னார்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி உனக்குக் கண்ணாடி மாத்தினேன் இல்ல? பவரை வேணும்னேதான் குறைச்சுப் போட்டேன். தூரத்துல வர்ற வண்டி தெரியலன்னா கத்தாம வருவேன்னு நெனச்சேன்."

அந்தப் பக்கம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைக்கிற சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. முப்பது வருஷத் தொழிலில் அந்தச் சத்தம் அவருக்குத் தப்பாது.

"அதான்," என்றாள் அவள், நிதானமாக, "லாரியெல்லாம் திடீர் திடீர்னு என் மூக்குக்கு நேரா வந்து நிக்குதா?"

"என்னை மன்னிச்சுடு."

"சாயங்காலம் வாங்க."

வைத்துவிட்டாள். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, 'பாத்து வாங்க' என்று சொல்லாமல்.

ஆனாலும் கடைசி ஓட்டத்துக்குப் போகும்போது அவர் மனசு லேசாகிவிட்டிருந்தது. மறைக்க இனி ஒன்றும் இல்லை. பக்கத்துக் கதவைத் தானே திறந்து, ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு சாத்தினார். பெல்ட்டை மாட்டிவிட்டார். அது நிரம்பி நின்றது. இப்போது அதைப் பார்த்து அவருக்குப் பயமாக இல்லை.

"நீ சொல்லு. நான் ஓட்டறேன்," என்றார்.

பெல்ட் விறைத்தபோது பிரேக்கை அழுத்தினார். தளர்ந்தபோது விட்டார். கண்ணை வளைவின் கடைசியில் வைத்தார். ஸ்டியரிங் நேரானதும் தயங்காமல் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். காலையில் அவரைத் தாண்டிப் போன வண்டிகளில் நான்கைத் தாண்டினார். நேர்ச்சாலையில் பறக்கும்போது, கல்யாணமான புதிதில்கூடச் சொல்லாத இரண்டு மூன்று வார்த்தைகளைக் காலி சீட்டைப் பார்த்துச் சொன்னார். பெல்ட் லேசாகக் குலுங்கியது. சிரித்தாளா, வெட்கப்பட்டாளா என்று தெரியவில்லை.

முடிவுக் கொடியைப் பார்த்து அவர் தடத்தை விட்டு வெளியே வந்தபோது, தலைமைக் கொடிக்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவருக்கு ஒரு தடவை. பக்கத்து சீட்டுக்கு இரண்டு தடவை.

ஹெல்மெட் ஜன்னலில் அந்த அம்மாள் துணியும் கையுமாக இருந்தார். கடைக்காரர் தன்னுடையதை முதலில் வைத்தார். சிவப்பு ஹெல்மெட்டை இரண்டு கையாலும் வைத்தார்.

"இது என் சம்சாரத்தோடது," என்றார். "வீட்டுல இருந்துக்கிட்டே இத்தனை தூரம் வந்து எனக்கு ஓட்டக் கத்துக்குடுத்துட்டா. போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டேம்மா. ஒண்ணு விடாம."

அந்த அம்மாள் சிவப்பு ஹெல்மெட்டைத் துடைத்துக் கீழ்த்தட்டில் வைத்தார்.

"நீங்களுமா சார்? அவங்க இங்கயே இருக்கறவங்க, கொடிக்காரருக்கே அது தெரியாது, புதுசா ஓட்ட வர்ற எல்லார் பக்கத்துலயும் உக்காருவாங்க. போன மாசம் வந்த பல் டாக்டரும் தன் சம்சாரம்னு நெனச்சுக்கிட்டு, இப்படித்தான் வீட்டுக்குப் போன் போட்டுட்டாரு."