‘வித்துடு’ சேர்மன்

உலகத்திலேயே யாரும் கேட்காத யோசனையை அதிகமாகச் சொன்ன மனிதர் யார் என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு எங்கள் சேர்மனைக் கைகாட்டுவேன். அவர் எந்தக் கம்பெனிக்கும் சேர்மன் இல்லை. ஏர்கான் உதிரி பாகம் விற்கும் இடத்தில் வேலை. புக்கிட் பாஞ்சாங்கில் அவர் குடியிருந்த புளோக்கில் மின்தூக்கிக்குக் காத்திருப்பவர்கள்கூட அவர் பேச்சைக் கேட்டதில்லை. ஆனால் ஞாயிறு காலை ரயில் ஏறி லிட்டில் இந்தியாவுக்கு வந்து, சந்து முனைச் சாப்பாட்டுக் கடையில் காற்றாடிக்கு நேர் கீழே உட்கார்ந்தாரென்றால், இங்கிலாந்தில் இருக்கும் ஒரு கால்பந்துக் கிளப்பின் முழு நிர்வாகமும் அவர் கைக்கு வந்துவிடும். அந்தக் கிளப்புக்கு இது தெரியாது என்பதுதான் ஒரே குறை.

கிளப்பின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் வாசகர்களில் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் எனக்கு அனுதாபம் சொல்வார்கள். ஆம், நானும் அந்தக் கிளப்பின் ரசிகன்தான். ஈசூனிலிருந்து இரண்டு ரயில் மாறி அந்த மேசைக்கு வந்து மானம் கெட்டவன். எங்கள் மேசையில் மூன்றாவது ஆள் ஜவுளி பாய். பக்கத்துத் தெருவில் துணிக்கடை. கடையை மகன்மேல் போட்டுவிட்டு வந்து உட்காருவார்.

சேர்மனுக்குத் தெரிந்த தத்துவம் ஒரே சொல்தான்: வித்துடு. கிளப்பில் எவனாவது இளம் ஆட்டக்காரன் தலையெடுத்தால் போதும், இவருக்குக் கை அரிக்கும். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல் போட்டான். ஊரே கொண்டாடியது. மறுநாள் காலை சேர்மன் தோசையைப் பிய்த்துக்கொண்டே தீர்ப்பு சொன்னார்.

“இவன வித்துடணும் லா. இன்னிக்கு இருக்கிற மவுசு நாளைக்கு இருக்காது.”

பாய்க்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாய் எதையும் விற்கக்கூடாது என்ற கட்சி. “யோவ், எட்டு வயசுலேர்ந்து கிளப்புல வளர்ந்த புள்ளய்யா! வளர்த்த புள்ளைய யாராவது விப்பாங்களா?”

“இது குடும்பம் இல்ல பாய், கிளப். நாம சென்டிமென்ட் பார்க்கக்கூடாது.”

இந்த ‘நாம’ இருக்கிறதே, அதைக் கேட்டால்தான் எனக்கு ரத்தம் கொதிக்கும். நாம வாங்கினோம், நாம வித்தோம், நாம பயிற்சியாளர மாத்தணும். இவர் அந்த மைதானத்துப் புல்லை நேரில் பார்த்தவர்கூட இல்லை. ஒருநாள் பேச்சுவாக்கில் கோல்கீப்பர், தடுப்பாட்டக்காரர்கள், நடுக்களம் என்று வரிசையாக அத்தனை பேரையும் விற்றுத் தீர்த்தார். “எல்லாரையும் வித்துட்டா கோல் போஸ்ட்டுல யாரு நிப்பா? நீயா?” என்றார் பாய். சேர்மன் கொஞ்சம்கூட அசராமல், “அத அப்புறம் பாத்துக்கலாம்,” என்றார்.

இந்த லட்சணத்தில் தத்துவத்தை நிரூபிக்க எங்களைத் தேக்கா சந்தைக்கு வேறு இழுத்துக்கொண்டு போனார். காய்கறிக் கடையில் வெண்டைக்காய் குவியல் முன்னால் நின்றார். “ரைட்டர், இங்க பாருங்க.” என்னை அப்படித்தான் கூப்பிடுவார், மரியாதையால் அல்ல. ஒரு வெண்டைக்காயின் நுனியை ஒடித்தார். பட்டென்று ஒடிந்தது. “இளசு. இப்பவே வித்துடணும்.” இன்னொன்றை ஒடித்தார். “இதுவும் இளசு.” அடுத்தது வளைந்தது. “பாத்தீங்களா? முத்திப்போச்சு. இத எவன் வாங்குவான்? ப்ளேயரும் இப்படித்தான்.” பேச்சு சுவாரசியத்தில் நுனி மேல் நுனியாக ஒடித்துத் தள்ளினார். கடைக்கார அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

“அண்ணே, ஒடிச்சது பூரா நீங்கதான் எடுத்துக்கணும். உங்க லெக்சருக்கு நானா காய் குடுப்பேன்?”

இரண்டு கைகளிலும் வெண்டைக்காய்ப் பையோடு சேர்மன் ரயிலேறிப் போனதைக் கண்குளிரப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க வீட்டில் வெண்டைக்காய்ப் பொரியல், வெண்டைக்காய் சாம்பார், வெண்டைக்காய் பச்சடி என்று அவர் மகள் தர்ஷினி எங்களுக்குப் படம் எடுத்து அனுப்பினாள். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். மனைவி தவறிப்போன பிறகு அந்தப் பெண்தான் அவருக்கு எல்லாம்.

அந்த மூன்று கோல் பையனைக் கிளப் நிஜமாகவே விற்றது. வேறு கிளப்புக்குப் போனவன் எங்களுக்கு எதிராகவே இரண்டு கோல் அடித்தான். இன்றைக்கு மாட்டினார் என்று நானும் பாயும் ஆசையாகக் காத்திருந்தோம். சேர்மன் வந்தார், உட்கார்ந்தார், சட்னியை இழுத்துக்கொண்டார். “நாம வித்தது சரிதான். அவன் நல்லா ஆடுறது அவனோட தப்பு.” இந்த மனிதரை என்ன செய்வது, சொல்லுங்கள்! தான் சொன்னது தப்பு என்று ஒருமுறைகூட ஒப்புக்கொள்ளாத ஜென்மம்.

மேசைக்கு ஒரு சட்டமும் போட்டிருந்தார். எங்கள் கிளப்புக்குப் பரம எதிரியாக ஒரு கிளப் உண்டு, நீலச்சட்டைக்காரர்கள். அவர்களை யாராவது ஒரு வார்த்தை புகழ்ந்தால், அங்கேயே ஒரு தே-ஓ கொசோங் குடிக்க வேண்டும். பாலும் இல்லாமல் சீனியும் இல்லாமல் கறுப்பாக, அந்தக் கடைக்காரர் கொதிக்க வைத்தே கொன்ற தேநீர் அது. மிச்சம் வைக்கக்கூடாது. மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீலச்சட்டைக் கோல்கீப்பர் ‘பார்க்க லட்சணமா இருக்கான்’ என்று சொன்ன குற்றத்துக்காகப் பாய் ஒருமுறை குடித்தார். நானும் குடித்திருக்கிறேன். சேர்மன் குடித்ததே இல்லை. “என் வாயிலேர்ந்து அவனுங்களப் பத்தி நல்ல வார்த்தையா? பொணத்துக்கிட்டதான் கேக்கணும்,” என்பார்.

ஒரு ஞாயிறு. கிளப்பின் புது இளவரசன் ஒருவனைப் பெரிய கிளப் கேட்பதாகச் செய்தி. சேர்மன் வாயைத் திறந்தாலே ‘வித்துடு’தான் என்று நான் காதைக் கழற்றி வைக்கத் தயாராக இருந்தேன். அவர் இனிப்புப் பால் தேநீரான தே தாரிக்கின் நுரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

“இருக்கட்டுமே. சின்னப் பையன். இப்ப என்ன அவசரம்?”

பாய் எட்டி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “காய்ச்சலாய்யா?”

“தர்ஷினிக்கு வேலை வந்திருக்கு பாய். இங்கிலாந்துல. ஒரு ஆஸ்பத்திரியில ரெண்டு வருஷம்.” தர்ஷினி பிசியோதெரபிஸ்ட். இங்கே அடிபட்டுக் கிடப்பவர்களை நடக்க வைக்கிற வேலை.

“அடடா, நல்ல விஷயம்தானே! எந்த ஊரு?”

சேர்மன் ஊர்ப் பெயரைச் சொன்னார். நீலச்சட்டைக்காரர்களின் ஊர்! உலகத்தில் இத்தனை ஊர் இருக்க, அந்தப் பெண்ணுக்கு அங்கேதான் வேலை கிடைக்க வேண்டுமா? என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை, சிரித்தும்விட்டேன்.

“சிரிங்க ரைட்டர், சிரிங்க. நம்ம பசங்க முட்டியப் பார்க்கப் போனாக்கூட மனசு ஆறும். அவனுங்க ஊர்க்காரன் முட்டியயா பார்ப்பா எம்புள்ள?”

முட்டி ஒரு சாக்கு என்பது எங்களுக்குத் தெரியாதா? இந்த வெள்ளிக்கிழமைக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும், இவர் வீட்டில் பிடிகொடுக்காமல் இருக்கிறார். அதுதான் விஷயம். ஊருக்குத்தான் உபதேசம்! பாய் விடவில்லை.

“தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு சும்மாவா சொன்னாங்க? ஊரான் புள்ளைங்க அத்தனை பேரையும் வித்தியே, உம் புள்ளைன்னதும் சென்டிமென்ட்டா? அனுப்புய்யா!”

“நீங்கதானே பாய் சொல்வீங்க, வளர்த்த புள்ளைய விடக்கூடாதுன்னு?”

“நான் பந்து உதைக்கிறவனச் சொன்னேன். இது படிச்ச புள்ள.” இருவரும் இத்தனை காலம் காத்த கட்சியைக் கண்ணெதிரே மாற்றிக்கொண்டதைப் பார்த்தபோது, கொள்கையாவது மண்ணாவது என்று தோன்றியது.

“ரெண்டு வருஷம்தானே, ப்ளேயர வேற கிளப்புக்கு இரவல் குடுக்கிற மாதிரி, லோன்ல அனுப்புறதா நினைச்சுக்குங்க,” என்றேன் நான்.

சேர்மன் என்னை ஏறிட்டுப் பார்த்தார். “லோன்ல போனவன் எவன் ரைட்டர் நமக்குத் திரும்பி வந்தான்?” குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது.

புதன்கிழமை சாயந்திரம் தர்ஷினியே கடைக்கு வந்துவிட்டாள். ஆங் மோ கியோவில் கிளினிக் முடிந்து, சீருடையோடு நேராக வந்தாள். அப்பாவை அங்கே வரச் சொன்னதும் அவள்தான். எங்களையும் கூப்பிட்டிருந்தாள். வீட்டில் பேச்சை எடுத்தாலே இவர் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறாராம்.

“அங்கிள், நீங்க ரெண்டு பேரும் சாட்சி. அப்பா, என்னைய விக்கலாமா வேணாமான்னு இங்க டிபேட் ஓடுதாமே? நான் என்ன உங்க ப்ளேயரா? என்னை யாரும் விக்கவும் இல்ல, வாங்கவும் இல்ல. ஐ ஆம் எ ஃப்ரீ டிரான்ஸ்ஃபர், ஓகே?”

பாய் மேசையைத் தட்டிச் சிரித்தார். சேர்மன் சிரிக்கவில்லை. “அங்க குளிரும்மா,” என்றார்.

“ஜாக்கெட் போட்டுப்பேன்.”

“சாப்பாடு?”

“சமைப்பேன். வெண்டைக்காய் அங்கயும் கிடைக்குமாம்.” அதற்கப்புறம் அவள் விளையாட்டுக் குரலை விட்டுவிட்டாள். “எனக்குப் போகணும்ப்பா. ரொம்ப ஆசையா இருக்கு. ஆனா நீங்க தனியா இருப்பீங்கன்னு பயமாவும் இருக்கு. நீங்க வேணாம்னா நான் நோ சொல்லிடறேன், கோபமே பட மாட்டேன். ஆனா வாய் திறந்து சொல்லுங்க. டிவி சத்தத்த மட்டும் கூட்டாதீங்க.”

சேர்மன் காற்றாடியைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், கடைசியில் மகளைப் பார்த்தார். வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அந்த வீட்டில் தனியாக இருந்து அவர் என்ன செய்வார் என்று எனக்கே கவலையாகத்தான் இருந்தது.

“நான் எப்பவும் என்ன சொல்லுவேன்?”

“வித்துடு,” என்றோம் நாங்கள் மூன்று பேரும்.

“அதுக்கு முன்னாடி. இளசா இருக்கும்போதே அனுப்பிடணும், நல்ல இடம் கேக்கும்போது புடிச்சு வைக்கக்கூடாது. சொன்னேனா இல்லியா? நான் சொன்னா தப்பா இருக்குமா?” கண் கலங்கிவிட்டது. கர்வம் கலங்கவில்லை. “போயிட்டு வா. ஆனா அந்த நீலச்சட்டைய மட்டும் வீட்டுக்குள்ள கொண்டு வந்துடாதே, சொல்லிட்டேன்.”

தர்ஷினி எழுந்து வந்து அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். தப்பென்று ஒருநாளும் ஒப்புக்கொள்ளாத அந்தப் பிடிவாதம், அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது.

சாங்கி விமான நிலையத்தில் வழியனுப்பும்போது அவளுக்கு ஒரு மழைக்கோட்டு கொடுத்தார். சிராங்கூன் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியது. கண்ணைப் பறிக்கும் மஞ்சள். “ரோடு போடுற ஆள் மாதிரி இருக்கும்ப்பா!” என்றாள். “கூட்டத்துல தெரியணும்ல,” என்றார்.

அதன் பிறகு ஒரு சனிக்கிழமை மாலை பாய் போன் செய்து அவசரமாக வரச் சொன்னார். போய்ப் பார்த்தால் சேர்மன் கடையின் டிவிக்கு நேர் கீழே, கழுத்தை அண்ணாந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஓடிக்கொண்டிருப்பது நீலச்சட்டைக்காரர்களின் ஆட்டம், அவர்கள் சொந்த மைதானத்தில்! ஆஸ்பத்திரித் தோழிகள் தர்ஷினியை ஆட்டத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார்களாம். அங்கே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

“பந்து அந்தப் பக்கம் சேர்மன்,” என்றேன்.

“பந்த யாரு பார்த்தா?” என்றார் கண்ணை எடுக்காமல்.

நீலச்சட்டைக்காரன் ஒருவன் தூரத்திலிருந்து உதைத்தான். கோல்! கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பியது. குதிக்கிற ஆயிரம் தலைகளுக்கு நடுவே ஒரு மஞ்சள் பொட்டு. அவளாகவும் இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம். சேர்மன் நாற்காலி சாய எழுந்து நின்றார்.

“அதோ! எம்புள்ள! கோட்டப் போட்டிருக்கா, நனையல! அடடா, என்ன கோல்யா, என்ன அருமையான கோல்!”

கடையே திரும்பிப் பார்த்தது. தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. சேர்மன் நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தார். சட்டம் போட்டவர் அல்லவா? தானே கையைத் தூக்கி, கடைக்காரரிடம் சொன்னார்.

“ஒரு தே-ஓ கொசோங்.”

“எனக்கு ஒண்ணு,” என்றார் பாய்.

இத்தனை பத்தியாக நான் திட்டித் தீர்த்த மனிதர் அவர். வாய்ச்சவடால், வறட்டுக் கர்வம், வெண்டைக்காய்த் தத்துவம், ஒன்றையும் நான் வாபஸ் வாங்கவில்லை. ஆனாலும் அவர் அந்தக் கசப்பைக் குடிக்கும்போது நான் மட்டும் தே தாரிக் குடிப்பதா? மூன்றாகக் கொண்டுவரச் சொன்னேன்.