கணக்கு வாத்தியாரோடு பேச்சு இல்லை

தன்னோடு தானே கருத்து வேறுபட்டு, மூன்று நாள் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்த மனிதரை நீங்கள் பார்த்திருக்க முடியாது. நான் பார்த்திருக்கிறேன். ஒரே அறையில், பக்கத்து நாற்காலியில், ஏழு வருடம். பெயர் எதற்கு? பரளச்சிப் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கி ‘மையக்கருத்து’ என்று கேட்டால் ஆடு மேய்க்கிறவர்கூட வழி சொல்வார்.

எங்களுடையது நடுநிலைப் பள்ளி. ஆறு முதல் எட்டு வரை ஐந்து பாடத்துக்கும் இருந்தது இரண்டே பேர். தமிழும் ஆங்கிலமும் என் தலையில். கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் மூன்றும் அவர் தலையில். அவர் படித்ததோ வரலாறு. போதாக்குறைக்குப் பொறுப்புத் தலைமையாசிரியரும் அவரேதான்.

இந்த லட்சணத்தில் எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். பாடத்திட்டம் போடும்போது முதலில் எல்லாப் பாடத்துக்கும் பொதுவாக மையக்கருத்து என்று ஒரு பெரிய கருத்தை வைக்க வேண்டும். அதற்குக் கீழே அந்தந்தப் பாடத்துக்கே உரிய கருத்துகளைக் கொண்டுவர வேண்டும். பெரிய கருத்து ‘மாற்றம்’ என்றால் அறிவியலில் ஆவியாதல், கணக்கில் விகிதம், சமூக அறிவியலில் இடப்பெயர்வு. நாங்களெல்லாம் அங்கே கொடுத்த பையையும் சாம்பார் சாதத்தையும் வாங்கிக்கொண்டு வந்தோம். அவர் மட்டும் கருத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஊரில் ஒருவரும் நிம்மதியாக டீ குடிக்கவில்லை. மாற்றத்துக்கு உதாரணம் சொல்லுங்கள் என்று பென்சிலோடு எதிரே நிற்பார். டீக்கடைக்காரர் ஒருநாள் பொறுமையாக யோசித்துச் சொன்னார்.

“போன வருசம் மல்லி வெதச்சோம், வெயிலு தின்னுட்டுப் போயிருச்சு. அதுக்கு மொத வருசமும் அப்படித்தான். இந்த வருசமும் அப்படித்தான் ஆகும்போலருக்கு. இது சேருமா சார்?”

இவர் குறித்துக்கொண்டே, “இது மாற்றம் இல்லண்ணே, தொடர்ச்சி. மூணாம் பருவத்துல வருது” என்றார்.

இன்னொரு தடவை பெரிய கருத்து ‘அமைப்பு’. பிள்ளைகளைக் கண்மாய்க்குக் கூட்டிப்போய் தண்ணீர் வரும் வரத்துக்கால், வயலுக்குப் பாயும் மடை, மிஞ்சினது வழியும் கலுங்கு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். தண்ணீரைக் காணோமே என்று பிள்ளைகள் கேட்டார்கள். அது அடுத்த பருவத்தில் வரும் என்றார். பருவம் வந்தது, தண்ணீர் வரவில்லை.

வாராவாரம் எல்லாப் பாட ஆசிரியர்களும் கூடிப் பேசித் திட்டத்தை இணைக்க வேண்டும் என்பதும் விதி. செவ்வாய்க்கிழமை நாலேகாலுக்குக் கூட்டம். நாலு இருபதுக்கு எனக்கு அருப்புக்கோட்டை பஸ்ஸு. அதை விட்டால் ஆறேகால்தான். நான் முன்கூட்டியே கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓடிவிடுவேன். அவர் தனியாக உட்கார்ந்து கூட்டத்தை நடத்துவார். மறுநாள் நோட்டைப் பார்த்தால் இப்படி இருக்கும்: ‘கரைசல் நடத்துமுன் விகிதம் முடிந்திருக்க வேண்டும் என்றார் அறிவியல் ஆசிரியர். கணித ஆசிரியர் ஒப்பவில்லை. தலைமையாசிரியர் சமாதானம் செய்தும் பயனில்லை.’ என் கையெழுத்துக்குக் கீழே நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என்று நாலு மையில் நாலு கையெழுத்து. நாலும் அவருடையது.

அப்படி ஒரு புதன்கிழமை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தவரிடம் என்ன விஷயம் என்று கேட்டேன். கணக்கு வாத்தியார் பிடிவாதம் பிடிக்கிறார் என்றார். வெள்ளிக்கிழமை வரை கணக்குப் புத்தகத்தைத் தொடவில்லை.

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அந்தச் சிரிப்பு நின்றதும் ஒரு கணக்கில்தான். பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போது இரண்டாவதை ஏன் தலைகீழாகப் போட வேண்டும் என்று எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டுவிட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றார். நாலு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் என்னிடம் வந்தார்.

“போடணும்னு தெரியும் சார். ஏன்னு தெரியல. பெரிய கருத்து எத்தனை வேணும்னாலும் நான் சொல்லிருவேன். அந்தப் புள்ளைக்கு ஏன்னு சொல்ல, கணக்குப் படிச்ச ஒரு ஆளு வேணும்.”

ஆளைக் கேட்டு அவர் மனு எழுதிப் போடாத அலுவலக மேசை இல்லை. கடைசியில் அவருக்கு ஒரு யோசனை. திட்டத்தைக் குற்றம் குறை இல்லாமல் போட்டு வைத்தால், பார்க்க வருகிறவர்கள் கண்ணில் ஆள் இல்லாத குறை மட்டும் பளிச்சென்று படும் அல்லவா? கோடை விடுமுறை முழுவதும் உட்கார்ந்து சுவர் அளவுக்கு ஓர் அட்டவணை வரைந்தார். பெரிய கருத்து மேலே. அதிலிருந்து ஒவ்வொரு பாடத்துக்கும் கோடு. கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் பெயர் எழுதும் கட்டத்தை வேண்டுமென்றே காலியாக விட்டார்.

மேலதிகாரி அம்மா வந்தார். அட்டவணையை அரை மணி நேரம் பார்த்தார். காலிக் கட்டத்தை இவர் விரலால் தொட்டே காட்டினார். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இவரைக் கைகூப்பிக் கும்பிட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு மட்டும் மையக்கருத்து எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

ஒரு மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, சுற்றறிக்கை வந்தது. பாடங்களை இப்படி இணைத்தால் ஒரே ஆசிரியர் மூன்று பாடத்தையும் செம்மையாக நடத்தலாம் என்பதற்கு எங்கள் பள்ளி முன்மாதிரியாம். அட்டவணையின் படமும் இருந்தது, காலிக் கட்டங்களை வெட்டி எறிந்துவிட்டு. இனி எங்களுக்குப் புது ஆள் தேவையில்லை என்பது கடைசி வரி.

அவர் இரண்டு தடவை படித்தார். மடித்துக் கோப்பில் வைத்தார். “நல்லா வேலை செஞ்சிட்டேன்ல சார்” என்றார். கோழையைப் போலப் பஸ்ஸுக்கு ஓடினேன்.

மறுநாள் நோட்டைப் புரட்டினேன். என்னுடையது போக ஒரே மை, ஒரே கையெழுத்து. ‘கணித ஆசிரியர் வரவில்லை. அறிவியல் ஆசிரியர் வரவில்லை. சமூக அறிவியல் ஆசிரியர் மட்டும் வந்திருந்தார். கூட்டம் நடைபெறவில்லை.’

அடுத்த செவ்வாய்க்கிழமை நாலு இருபது பஸ்ஸை விட்டேன். அவர் எதிரே போய் உட்கார்ந்தேன். என்ன சார், மறந்துட்டீங்களா, பஸ்ஸு போயிருச்சே என்றார். நான்தான் கணக்கு வாத்தியார் என்றேன். அவர் நோட்டைத் திறந்தார். முதல் பொருள்: பின்னத்தை ஏன் தலைகீழாகப் போட வேண்டும்? ஆறேகால் பஸ்ஸு வரும்வரை இருவரும் முட்டிக்கொண்டோம். விளங்கவில்லை.

எனக்கு இன்றுவரை கணக்கு வராது. ஆனாலும் அவர் ஓய்வு பெறும் வரை ஒரு செவ்வாய்க்கிழமைகூட நான் தவறவில்லை. அந்த மனிதர் தனியாக உட்கார்ந்து சண்டை போடுவதை அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.