கடலுக்குப் போகாத லக்லன்

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல முப்பத்தொரு வயது வரை எனக்கு வாய் வரவில்லை. (இப்பவும் கொஞ்சம் கஷ்டம்தான்.)

அந்த வயதில்தான் நான் கலியாணம் செய்ய விரும்பிய துஷாவின் அப்பாவைச் சந்திக்கப் போனேன். அவர் அவுஸ்திரேலியாவில், லக்லன் ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் மிருக வைத்தியர். என்னைப் பார்ப்பதற்கென்றே ரொறன்ரோ வந்து, யூனியன்வில்லில் தன் தங்கை வீட்டில் நின்றார். ஆற்றைப் பற்றிக் கதைத்தால் போதும், மனிதர் இளகிவிடுவார் என்று துஷா சொல்லியிருந்தாள்.

பஸ்ஸில் இருந்தபடி போனில் லக்லனைப் படித்தேன். எங்கே பிறக்கிறது, எந்த ஊர்களைத் தொடுகிறது, அங்குள்ள ஆதிக்குடிகள் அதைக் கலாரி என்பார்கள், எல்லாம் மனப்பாடம். எங்கே முடிகிறது என்ற பகுதிக்கு வருமுன் இறங்கும் இடம் வந்துவிட்டது. (ஆறெண்டால் கடலுக்குத்தானே போகும், உதுக்கேன் வாசிப்பான்?)

தேநீர் வந்தது. நான் கலாரி என்றதும் அவர் முகம் மலர்ந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

“நீர் அங்கால வந்தனீரோ?” என்று கேட்டார்.

ஓம் என்றேன். (நான் அதுவரை கண்ட தூரதேசம் நயாகரா.) முகத்துவாரத்தில் அலை ஆளுயரத்துக்கு எழும்பும் என்றேன். கலியாணப் படங்களை அங்கேயே எடுக்கலாம் என்றும் சொன்னேன். துஷா சீனிப் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கோப்பையை மெல்ல வைத்தார். “தம்பி, லக்லன் கடலுக்குப் போறேல்லை. நாணல் சதுப்புக்குள்ள போய் அதிலயே முடிஞ்சிடும்.”

அது கோடையிலாக இருக்கும், நான் போனது மாரியில் என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. இருநூறு வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளைக்காரர் படகுகளோடு அதே ஆற்றின் வழியே போன கதையைச் சொன்னார். நாட்டின் நடுவே கடல் இருக்கும் என்று பலர் நம்பிய காலமாம். “அவரும் உம்மைப் போலத்தான். ஆனா, சதுப்பைக் கண்டதும் திரும்பிட்டார்.”

அதற்கு மேல் என்னாலும் போகமுடியவில்லை. “அங்கிள், நான் அவுஸ்திரேலியாப் பக்கமே வந்ததில்லை. துஷாவைத் தரமாட்டீங்களோ எண்ட பயத்தில சொல்லிப்போட்டன்.”

அவர் சிரிக்கத் தொடங்கினார். தேநீர் புரையேறி, தங்கை ஓடிவந்து தலையில் தட்டவேண்டியதாயிற்று.

கலியாணமாகி ஒன்பது வருடங்கள். லக்லனில் வெள்ளம் வரும்போதெல்லாம் மாமா பாலத்தில் நின்று படமெடுத்து, இரண்டு கண்டங்களிலும் உள்ள உறவினர் அத்தனை பேரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். கீழே ஒரே வரி: “மருமோன், இன்னும் கடலைக் காணேல்லை.”